சீப்புப் பல்லில் ஒரு கோடு

கையால் செய்த பொருள் உயர்ந்தது, யந்திரத்தில் வந்தது மட்டம் என்று ஒரு கட்சி. கையால் செய்தால் ஒழுங்கு இராது, யந்திரத்தில் வந்தால்தான் துல்லியம் என்று எதிர்க்கட்சி. இந்த வழக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு தரப்பிலும் பெரிய மனிதர்கள் பேசியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் கட்டடம், கண்ணாடிக் கிண்ணம், நாற்காலி என்று பார்வைக்குரிய பொருள்களை முன்னால் வைத்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள். பார்வையை நம்பி வழக்காடுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவருக்கு அழகாகப்படுவது இன்னொருவருக்கு அவலட்சணமாகப்படும்; தீர்ப்பே வராது. கண்ணால் தீர்மானிக்க முடியாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டு விசாரித்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சீப்பை எடுத்துக்கொண்டேன்.

காவியத்தை விமரிசிக்கலாம், சினிமாவை விமரிசிக்கலாம். சீப்பைக்கூடவா என்று வாசகர்கள் சிரிக்கக் கூடும். சிரிக்கட்டும். மேஜை நாற்காலியில் விளிம்பு என்பது பல அம்சங்களில் ஓர் அம்சம். சீப்பில் விளிம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. முதுகைக் கையில் பிடித்துக்கொள்கிறோம்; மற்றபடி நாற்பது பல்லும் அந்தப் பற்களின் ஓரங்களும்தான் சீப்பு. ஓரம் சரியாக இருந்தால் கூந்தல் வழுக்கிக்கொண்டு போகும். சரியில்லாவிட்டால் தலை உடனே சொல்லிவிடும். அதோடு, மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் இன்றைக்கும் பக்கத்தில் பக்கத்தில் விற்கிற பொருள் இது. பழமையிலும் குறைச்சல் இல்லை. இஸ்ரேலில் லாக்கிஷ் என்ற பழைய நகரத்தின் இடிபாட்டில் 2016-ல் ஒரு சிறிய தந்தச் சீப்புக் கிடைத்தது. ஒரு பக்கம் ஆறு பெரிய பல், மறு பக்கம் பதினான்கு நெருக்கமான பல். ஏறத்தாழ 3,700 வருஷத்துக்கு முந்தியது என்கிறார்கள். அதில் எழுத்துக் கீறியிருப்பதை 2022-ல் படித்துச் சொன்னார்கள். தலையிலும் தாடியிலும் இருக்கிற பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்று ஒரு பிரார்த்தனை! ராஜாவின் பிரதாபமோ தெய்வத்தின் துதியோ இல்லை. நம் வீட்டுப் பேன் சீப்புக்கு அது நேர்ப் பாட்டி.

மரச் சீப்பு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். நன்றாக உலர்ந்த, நெருக்கமான இழையுள்ள மரத்தை மெல்லிய பலகையாக அறுத்துக்கொள்கிறார்கள். பல்லின் நீளம் மரத்தின் ரேகையோடு ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் முதல் சிக்கிலேயே பல் ஒடிந்துவிடும். ஐரோப்பாவில் பழைய சீப்புத் தொழிலாளிகள் இதற்கென்றே இரண்டு அலகு கொண்ட ஒரு வாளை வைத்திருந்தார்கள். ஓர் அலகு ஓர் இடுக்கை ஆழமாக அறுக்கும்போதே, கொஞ்சம் மேலே ஏற்றிப் பொருத்திய மற்றோர் அலகு அடுத்த இடுக்குக்கு இடம் குறித்துவிடும். பல்லுக்குப் பல் தூரம் மாறாது. கைத்தொழில்தான், ஆனால் அளவு கையை நம்பி இல்லை, வாளுக்குள்ளேயே இருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வாள் வேலை முடிந்ததும் பார்வைக்குச் சீப்பு ஆகிவிட்டது. தலைக்கு ஆகவில்லை. ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டிச் சதுரக் கம்பம். கம்பத்துக்கு நான்கு கூரான ஓரம். நாற்பது பல்லுக்கு 160 ஓரம். போதாததற்குப் பல்லின் பக்கச் சுவர் முழுவதும் வாள் கீறிய வரிகள். இதைத் தலையில் வைத்தால் மயிர் அறுபடும். ஆகவே நிஜமான வேலை இனிமேல்தான் ஆரம்பம். இடுக்குக்குள் நுழையும்படி மெல்லியதாகச் செய்த அரங்களால் ஒவ்வொரு பல்லையும் நுனிக்குச் சரித்து, ஓரங்களை மழுக்கி, நுனியை உருட்டி, பல்லும் பல்லும் சேர்கிற அடிவாரத்தையும் வழுவழுப்பாக்குகிறார்கள். பிறகு நுரைக்கல் தூள். பிறகு துணியும் தோலும். ஜப்பானில் மரச் சீப்புக்காரர்கள் டோகுசா என்ற ஒரு செடியின் உலர்ந்த தண்டை வைத்துத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அந்தத் தண்டில் மணற்சத்து இயற்கையாகவே இருக்கிறது. நம் பக்கத்திலும் அந்த மாதிரி ஒன்று உண்டு. திருச்சிக்கு அருகே திருப்பராய்த்துறையில் தல விருட்சமாக நிற்கிறதே பராய் மரம், அதன் இலை உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது. மரத்தையும் தந்தத்தையும் தேய்த்து மெருகிட அந்த இலையைத்தான் பழைய கைவினைஞர்கள் உபயோகித்தார்கள். கடையில் உப்புத்தாள் விற்காத காலத்தில் மரத்தை மெருகிட மரமே தாள் கொடுத்தது!

இங்கே பிளாஸ்டிக் வருகிறது. பலர் நினைக்கிற மாதிரி, பிளாஸ்டிக் வந்ததும் கைவேலை போய்விடவில்லை. ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கினால் வளையாத கறுப்புப் பொருளாகிவிடும். அதற்கு 1851-ல் அமெரிக்காவில் நெல்ஸன் குட்இயர் என்பவர் உரிமை பெற்றார். எபொனைட் என்கிறோமே, அதுதான். 1869, 70-ல் ஹையட் என்பவர் செல்லுலாய்டைக் கொண்டுவந்தார். பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்துக்குப் பதில் தேடப்போய் அகப்பட்டது அது. இரண்டு பொருளையும் சீப்புத் தொழிலாளி என்ன செய்தான்? மரத்தையும் கொம்பையும் என்ன செய்தானோ அதையே செய்தான். பலகையாக வாங்கினான், பல் அறுத்தான், ஓரம் மழுக்கினான், மெருகிட்டான். பிரான்ஸில் ஜூரா மலைப் பக்கம் ஓயோனா என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் முதலில் பாக்ஸ்வுட் என்ற இறுகிய மஞ்சள் மரத்தில் சீப்புச் செய்தார்கள், பிறகு கொம்பில் செய்தார்கள், பிறகு செல்லுலாய்டில் செய்தார்கள். 1920-களில் பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ளும் நாகரிகம் வந்து சீப்பு வியாபாரம் படுத்தபோது மூக்குக் கண்ணாடிச் சட்டமும் பொம்மையும் செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அங்கே சீப்புக்கும் பிளாஸ்டிக்குக்குமாக ஒரு பொருட்காட்சிச் சாலையே இருக்கிறது. பொருள் மாறிக்கொண்டே வந்தபோதும் வெகுகாலம் வரை விரல் மாறவில்லை.

எபொனைட் சீப்பைப் பற்றி நமக்குத் தனியாக ஓர் உரிமை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகத்து ரப்பரில் பெரும் பங்கு மலேயாத் தோட்டங்களில் வடித்தது. விடியற்காலையில் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களில் ஏராளமானவர்கள் இங்கிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். லண்டனிலும் ஹாம்பர்க்கிலும் கனவான்கள் தலை வாரிக்கொண்ட கறுப்புச் சீப்பில் நம்மவர்கள் கீறிய பாலும் கலந்திருக்கிறது. 1942-ல் மலேயா ஜப்பானியர் வசம் போனதும் மேல்நாடுகளில் ரப்பருக்கு முட்டுப்பாடு ஏற்பட்டது. அந்த முட்டுப்பாடும் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சீப்புக்கு வழி விட்டது.

அச்சில் வார்ப்பது என்பதுதான் உண்மையான மாறுதல். 1930-களில் இந்த முறை சீப்புத் தொழிலுக்குள் நுழைந்தது. எஃகில் இரண்டு பாதி அச்சு. இரண்டையும் இறுக்கி மூடி, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிறார்கள். ஆறியதும் அச்சுத் திறக்கிறது, சீப்பு விழுகிறது. அறுப்பும் இல்லை, அரமும் இல்லை. பல், ஓரம், மெருகு எல்லாம் ஒரே மூச்சில். இதைவிட அதிசயம் வேறென்ன வேண்டும்? ஆனால் இரண்டு பாதி சேருகிற இடம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே ஒரு கோடு விழுகிறது. பொம்மையில் அது காதுக்குப் பின்னால் விழும், வாளியில் அடியில் விழும், யாருக்கும் நஷ்டமில்லை. சீப்பில் பெரும்பாலும் ஒவ்வொரு பல்லின் பக்கவாட்டிலும், மேலிருந்து கீழாக, சரியாக மயிர் நுழைந்து போகிற சந்தில் விழுகிறது. அச்சுத் தேயத் தேய அந்தக் கோட்டில் பிளாஸ்டிக் கசிந்து பிசிறாக நிற்கும். பழைய தொழிலாளி எந்த ஓரத்தை மழுக்குவதற்காக நாளெல்லாம் உட்கார்ந்திருந்தானோ, அதே இடத்தில் யந்திரம் புதிதாக ஓர் ஓரத்தைப் போட்டுக் கொடுக்கிறது.

இதெல்லாம் மயிர் பிளக்கிற வாதம் என்று சொல்லிவிடலாம். என் தாயாரின் கடைசி வருஷத்தில் நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். நீண்ட ஜுரத்துக்குப் பிறகு கூந்தல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மண்டைத் தோல் வெற்றிலை போல மெல்லிசாகிவிட்டது. வீட்டில் இருந்த புதுச் சீப்பு எதை எடுத்தாலும் முகத்தைச் சுளித்துக்கொள்வாள். வலிக்கிறது என்று சொல்லமாட்டாள். ஒரு நாள், "அந்தக் கறுப்புச் சீப்பை எடுடா" என்றாள். அப்பாவின் எபொனைட் சீப்பு. நாற்பது வருஷம் சவர டப்பாவில் கிடந்தது. இரண்டு பல் போயிருந்தது. அதனால் வாரியபோது கண்ணை மூடிக்கொண்டாள். நான் அன்று ராத்திரி அந்தச் சீப்பையும் புதுச் சீப்பையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். புதுசில் ஒவ்வொரு பல்லிலும் கோடு இருந்தது. பழசில் நகத்தை விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. கையா யந்திரமா என்று விவாதிக்கிறவர்கள் முன்னால் இந்த இரண்டு சீப்பையும் வைக்கத்தான் எனக்கு ஆசை.

முதலில் ரஸ்கின் முன்னால் வைக்கிறேன். காந்திஜி 1904-ல் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரெயிலில் படித்துத் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டாரே, அந்தப் புத்தகத்தை எழுதிய ஜான் ரஸ்கின்தான். அதற்கு முன்பே, 1853-ல், வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைப் பற்றிய நூலின் இரண்டாம் பாகத்தில் அவர் கைவேலைக்காக ஒரு பெரிய வக்காலத்து வாங்கியிருக்கிறார். மனிதனிடம் யந்திரத்தின் துல்லியத்தை எதிர்பார்த்தால் அவனை யந்திரமாக்கிவிடுவீர்கள். அவன் வேலையில் பிசகு இருக்கட்டும், அந்தப் பிசகுதான் அவன் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி என்பது அவர் கட்சி. கண்ணாடி மணி செய்கிறவர்களை அவர் உதாரணம் காட்டுகிற இடம் பயங்கரமானது. நாள் முழுவதும் கண்ணாடிக் குச்சியைத் துண்டு துண்டாக நறுக்கி நறுக்கிக் கை நடுங்குகிறவர்கள் அவர்கள். அந்த மணியை வாங்கி அணியும் இளம்பெண் அடிமை வியாபாரத்தில் பங்குகொள்கிறாள் என்று சொல்லிவிடுகிறார்.

படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. மறுக்க மனம் வரவில்லை. ஆனால் சீப்பைக் கையில் எடுத்ததும் கஷ்டம் தொடங்குகிறது. பிசகான சீப்பு யாருடைய உயிருக்கும் அத்தாட்சி ஆகாது. தலையைப் பிறாண்டும், அவ்வளவுதான். நல்லவேளையாக ரஸ்கின் அதே இடத்தில் ஒரு விதியும் சொல்லி வைத்திருக்கிறார். துல்லியத்தைத் துல்லியத்துக்காகக் கேட்காதே. காரியத்துக்காகவோ உயர்ந்த நோக்கத்துக்காகவோ கேள் என்கிறார். அவருடைய சிஷ்யர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இந்த விதியைச் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். கையால் செய்தது என்று தெரிவதற்காகவே சொரசொரப்பை விட்டு வைக்கிறார்கள்.

ஆனாலும் ரஸ்கினின் கேள்வி போய்விடவில்லை. கண்ணாடி மணி நறுக்குகிறவனுக்காக இரங்கினால், 160 ஓரத்தை அரத்தால் மழுக்குகிறவனுக்காக இரங்கவேண்டாமா? காலையில் ஒரு சீப்பு, பிறகு இன்னொரு சீப்பு, சாயங்காலம் வரை சீப்பு. என் தாயார் கண்ணை மூடிக்கொண்ட சுகம் எவனோ ஒருவன் கண் எரிய உட்கார்ந்த பலன். கைவேலையைப் புகழ்ந்து எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு நாள்கூட அரத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு உதவிக்கு வருகிறவர் டேவிட் பை. லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர். தாமே அழகான மரக் கிண்ணங்கள் கடைந்தவர். 1968-ல் கைவேலையின் இயல்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ரஸ்கினோடு நேருக்கு நேர் மோதுகிறார். கைவேலை, யந்திரவேலை என்ற பிரிவே அர்த்தமற்றது என்று தள்ளிவிட்டு, வேறு மாதிரி பிரிக்கிறார். ஒரு வேலையின் முடிவு செய்கிறவனின் ஜாக்கிரதையை நம்பிக் கடைசி நிமிஷம் வரை கெட்டுப்போகக்கூடிய நிலையில் இருந்தால் அது ஒரு வகை. முடிவு முன்கூட்டியே நிச்சயமாகிவிட்டால் அது மற்றொரு வகை. பேனாவால் எழுதுவது முதல் வகை; அச்சடிப்பது இரண்டாம் வகை. இரட்டை அலகு வாளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்காகத்தான். அதைப் பிடித்தது கை. ஆனால் பல்லின் இடைவெளி நிச்சயமாகிவிட்ட விஷயம். கைவேலைக்குள்ளேயே யந்திரம் இருந்தது. இன்றைக்கும் நல்ல சீப்பு என்று பெயரெடுத்த கெண்ட் கம்பெனி இருக்கிறது, 1777-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. அவர்களும் தங்கள் உயர்ந்த ரகத்துக்கு பிளாஸ்டிக் பலகையில் பல்லை அறுத்து, ஓரத்தை உருட்டி, மெருகிடுகிறார்கள். யந்திரம் அறுக்கிறது, கடைசி மெருகைக் கை பார்த்துக்கொள்கிறது. பை சொல்வது சரிதான் என்று இதைப் பார்த்தால் தெரிகிறது.

அவர் போகிற போக்கில் சொல்லும் இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது. நிச்சயமான வேலை எதுவானாலும் அதற்கு முன்னால் எங்கேயோ ஒரு நிச்சயமில்லாத வேலை நடந்திருக்கவேண்டும். யந்திரம் லட்சம் சீப்பைப் பிசகாமல் வார்க்கலாம். அந்த அச்சை யாரோ ஒருவர், கெட்டுப்போகும் அபாயத்தோடு, கையால் முடித்துக் கொடுத்திருக்கிறார்.

அந்த யாரோ ஒருவரைப் பார்க்க வேண்டுமென்று அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறைக்குப் போனேன். அச்சுக்கு மெருகிடுவதே அவர் தொழில். நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு மூங்கில் குச்சியின் முனையில் வைரத்தூள் பசையைத் தடவி, எஃகுப் பள்ளத்துக்குள் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் தேய்கல், பிறகு எமரித் தாள், கடைசியில்தான் வைரத்தூள். ஒவ்வொரு தடவையும் முந்தின கீறலுக்குக் குறுக்கே தேய்க்கவேண்டுமாம். "குறுக்கே போனாத்தான் சார் பழைய கீறல் போச்சா இருக்கான்னு தெரியும். அதே வழியிலே தேய்ச்சா நம்மை நாமே ஏமாத்திக்கலாம்" என்றார். நான் அப்பாவின் சீப்பையும் புதுச் சீப்பையும் எடுத்துக் காட்டினேன். புதுச் சீப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பிசிறை மெஷின் போடலே சார். டைக்கு வயசாயிருக்கு" என்றார்.

பிறகு அவர் விளக்கிய விஷயம் எனக்குப் புதிது. சீப்பின் ஓரம் மழுங்கலாக வரவேண்டுமானால், இரண்டு பாதி அச்சும் சேருகிற எஃகு ஓரம் கத்தி போலக் கூராக இருக்கவேண்டும். மெருகிடுகிறவன் ஒரு தடவை கை தவறி அந்த ஓரத்தைக் கொஞ்சம் உருட்டிவிட்டால், மூடும்போது அங்கே ஒரு வாய்க்கால் விழும். பிளாஸ்டிக் அதில் புகுந்து கோடாக நிற்கும். எஃகில் மழுங்கினால் பிளாஸ்டிக்கில் கூர். ஆகவே பள்ளம் முழுவதையும் கண்ணாடியாகத் தேய்த்துக்கொண்டே வந்து, ஓரத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் கையை நிறுத்தவேண்டும். நாற்பது பல்லுக்கும், பல்லின் இரண்டு பக்கமும், அச்சின் இரண்டு பாதியிலும்! பழைய சீப்புத் தொழிலாளியின் 160 ஓரம் எங்கும் போய்விடவில்லை. எஃகுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, தலைகீழாக நிற்கிறது.

"டை தேஞ்சு போனா?" என்று கேட்டேன்.

"வெல்டு வச்சு மறுபடி முடிக்கலாம். ரெண்டு மூணு நாள் மெஷின் நிக்கணும். 'ஓடற வரைக்கும் ஓடட்டும்'பாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

என் விமரிசனம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான். சீப்பு ஒவ்வொன்றையும் கையால் முடிப்பது விலை ஏற்றும் சமாசாரம். அதை எல்லாருக்கும் செய்ய முடியாது என்றால் நியாயம் இருக்கிறது. அச்சை முடிப்பது அப்படி அல்ல. ஒருவர் சில நாள் பட்ட பிரயாசை லட்சம் தலைகளுக்குப் பலிக்கிறது. ஒவ்வொரு சீப்பின் தலையிலும் அந்தச் செலவைப் பங்கிட்டால் தம்படிகூட விழாது. கைவேலை மிகவும் மலிவாகக் கிடைக்கிற இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அங்கேயே அதைக் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். ஆகவே அந்தக் கோட்டை யந்திரத்தின் தலையில் சுமத்துவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அதைப் போட்டது கணக்குப் புத்தகம். யந்திரம் பாவம், கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. அக்கறையைக் கொடுத்தால் அக்கறையை, அலட்சியத்தைக் கொடுத்தால் அலட்சியத்தை.

மரத்துக்கு இந்த வழி கிடையாது. மரத்தை உருக்கி அச்சில் ஊற்ற முடியாது. ஒரு பலகையின் ரேகை இன்னொரு பலகைக்கு இல்லை. ரேகைக்கு எதிராக யந்திர அலகு ஓடினால் நார் பிய்ந்துகொண்டு வரும். ஆசாரி இழைப்புளியைத் தள்ளும்போது கொஞ்சம் எதிர்ப்புத் தெரிந்ததுமே பலகையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். யந்திரத்துக்கு அந்த எதிர்ப்புத் தெரியாது. ஆகையால் மரச் சீப்பில் கடைசிக் கை கட்டாயம் வேண்டும். இன்றைக்கு வேப்ப மரச் சீப்பு என்று கடைக்குக் கடை தொங்குகிறது. தலைக்கு நல்லது, இயற்கை, கைவினை என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. என் தங்கை மகள் ஒன்று வாங்கி வந்தாள். யார் செய்தது என்பது இங்கே முக்கியமில்லை. முதுகும் முகப்பும் பளபளவென்று இருந்தன. அங்கே பட்டைத் தாள் சுற்றும் யந்திரம் நன்றாகத் தேய்த்திருக்கிறது. பல்லிடுக்கில் விரலை விட்டால் வாள் கீறிய வரி அப்படியே இருந்தது. அந்தப் பட்டை இடுக்குக்குள் நுழையாது. நுழையக்கூடிய கையை யாரும் அனுப்பவில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மெருகு, தலைக்குப் படுகிற இடத்தில் சிலாம்பு! "கைவேலை என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் மாமா" என்றாள் அவள். கடைக்காரர் சொல்லிக் கொடுத்தது. பிளாஸ்டிக் சீப்பில் கோட்டை விட்டவன் குறைந்தபட்சம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டுக்கும் நடுவே நேர்மையான வழிகள் இல்லாமல் இல்லை. சன்னபட்டணத்து மரப் பொம்மையைப் பாருங்கள். கடைசலில் மின்சாரம் சுற்றுகிறது. சுற்றுகிற மரத்தின்மேல் அரக்கு வண்ணத்தை அழுத்தி, உலர்ந்த தாழை மடலால் கை அதை நிரவி மெருகிடுகிறது. குழந்தை வாயில் வைத்துக்கொள்கிற பொருள் என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் மூக்குக் கண்ணாடி போடுகிறவரானால், அஸிடேட் சட்டத்தை எப்படி முடிக்கிறார்கள் தெரியுமா? பீப்பாய்க்குள் மரக்கட்டைத் துண்டுகளையும் நுரைக்கல் பசையையும் போட்டு, அதற்குள் சட்டங்களையும் போட்டு, நாள் கணக்கில் உருட்டுகிறார்கள். பிளாஸ்டிக்கை மரம் தேய்த்து மெருகேற்றுகிறது! கடைசியில் ஒருவர் கையில் பிடித்துச் சுற்றும் துணிச் சக்கரத்தில் காட்டி முடிக்கிறார். பீப்பாய்க்கு விவஸ்தை கிடையாது. எல்லா ஓரத்தையும் ஒரே மாதிரி மழுக்கும். கூராக நிற்கவேண்டிய ஓரம் எது என்று கைக்குத்தான் தெரியும். சீப்பின் இடுக்குக்கோ அந்தக் கட்டைத் துண்டுகள் எட்டாது.

இவ்வளவு சொன்ன பிறகும், அச்சு வார்த்த சீப்பை ஒழிக்கவேண்டும் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் சிறு வயதில் எங்கள் வீட்டில் எட்டுப் பேருக்கு இரண்டு சீப்பு. ஒருத்தர் தலையில் பேன் என்றால் எல்லார் தலையிலும் பேன். ஊசி பாசி விற்க வருகிறவர்களிடம் புதுச் சீப்பு வாங்குவதற்கு வீட்டில் ஒரு மந்திராலோசனை நடக்கும். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையன் ஒவ்வொருவனுக்கும் சொந்தச் சீப்பு இருக்கிறதென்றால் அது அந்த எஃகு அச்சு செய்த உபகாரம். கையால் அறுத்த சீப்பை மட்டுமே விற்போம் என்று சட்டம் வந்தால், பழையபடி எட்டுப் பேருக்கு இரண்டு சீப்புத்தான். வில்லியம் மாரிஸ் உயர்ந்த கைவேலையை ஏழைக்கும் கொண்டுபோகவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் உழைத்தார். அவர் கடைச் சாமானைப் பணக்காரர்கள்தான் வாங்க முடிந்தது. எனக்கு வேண்டியது விலை குறைந்த சீப்பும் கோடில்லாத சீப்பும் ஒரே சீப்பாக இருப்பது. அது முடியாத காரியம் இல்லை என்று அம்பத்தூரில் குனிந்து உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

கதை எழுதுகிறவனுக்கு இதில் ஒரு சொந்த அக்கறையும் உண்டு. பத்திரிகையில் வாராவாரம் வருகிற தொடர்கதையும் துண்டு துண்டாக அச்சில் விழுகிற பொருள்தான். ஒரு வாரம் முடிந்து மறு வாரம் தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு நிற்கும்: கதவு தட்டப்படும், தந்தி வரும், கதாநாயகி மூர்ச்சை போடுவாள். வாரப் பத்திரிகையில் அது தேவைதான். புத்தகமாக்கும்போது அந்த மூர்ச்சைகளை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். செய்கிறவர்களும் இருக்கிறார்கள், "ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாசகர்களுக்கு எது எது என்று தெரியும். நான் பெயர் சொல்லவேண்டியதில்லை.

சீப்பு வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. முகப்பின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கொஞ்சம் பஞ்சை எடுத்துத் திரித்துப் பல்லிடுக்கில் விட்டு இழுங்கள். பஞ்சின் இழை மாட்டிக்கொண்டு நின்றால் மயிரும் மாட்டும். மரமானாலும் பிளாஸ்டிக்கானாலும் இந்தப் பரீட்சை ஒன்றுதான். முன்பே வாங்கிவிட்ட சீப்பில் கோடு இருந்தால், அது வளையாத கெட்டி ரகமானால், நைஸான எமரித் தாளைக் குறுகலாகக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து, மடித்து, ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு இரண்டு பக்கமும் தேய்க்கலாம். மர ரகத்துக்குத் தண்ணீர் வேண்டாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். நாற்பது பல்லுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ரேடியோவில் கச்சேரி வைத்துக்கொண்டு செய்யலாம். வளைத்தால் வளைகிற மெத்தென்ற ரகத்தில் இதைச் செய்யாதீர்கள். தேய்க்கத் தேய்க்கப் பூவாகக் கிளம்பும், முன்னைவிட மோசமாகிவிடும்.